ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடுங்க

நாலு பேர் பார்க்க, கேமரா ஓட, முட்டி போட்டு மோதிரத்தை நீட்டி "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா" என்று ஒரு பெண்ணிடம் திடீரென்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. காதலிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கேட்பதிலும் கிடையாது. அந்த நாலு பேரும் கேமராவும்தான் எனக்கு இடிக்கிறது. "ஆச்சி, காலம் மாறிப்போச்சு" என்று சொல்ல யார் யார் வருவீர்கள் என்றுகூடத் தெரியும். வாருங்கள். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

காரைக்குடிப் பக்கம் இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று பூட்டிக் கிடந்த வீடுகளில் சில தங்கும் விடுதி ஆயின. சில வீடுகள் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. முதலில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஜோடிகள். இப்போது இந்தத் திடீர் பார்ட்டிகள். "சும்மா பழைய வீடு பார்த்துட்டு வரலாம்" என்று பையன் பெண்ணைக் கூட்டி வருவான். வளவில் (வீட்டின் உள்முற்றம்) பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னால் போட்டோக்காரர் ஒளிந்திருப்பார். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டில் நண்பர் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். தரையெல்லாம் ரோஜா இதழ். (ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல். மிதிபட்ட இதழின் சாயம் அதில் இறங்கினால் யார் உட்கார்ந்து தேய்ப்பது என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை.)

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். சொந்தத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். அந்த ஆச்சி மறுபடியும் கழுத்திரு என்கிற எங்கள் பெரிய தாலியைப் பூண்டு, மாலை மாற்றி, எல்லாம் நல்லபடியாக முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரம். அந்த வீட்டுப் பையன் மைக்கைக் கையில் எடுத்தான். தன்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணை விசேஷம் பார்க்க வா என்று சென்னையிலிருந்து அழைத்து வந்திருந்தான். அவள் யாரென்று வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கோ அந்த வீட்டில் அவனைத் தவிர ஒருத்தரையும் தெரியாது. அத்தனை பேர் முன்னால் போய் முட்டி போட்டான். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளமே கொட்டிவிட்டார்! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், தலையை ஆட்டினாள். ஒரே கைதட்டல், விசில்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாங்கட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தாள். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. "ஆன்ட்டி, எங்க வீட்டுல நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல. வீடியோ இந்நேரம் போயிருக்கும்ல?" என்றாள். போயிருந்தது. தூத்துக்குடியில் இருக்கிற அவள் அப்பாவுக்கு யாரோ தெரிந்தவர் அனுப்பி, "வாழ்த்துகள்" என்றும் போட்டிருந்தாராம்.

இது சோகக் கதை இல்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நன்றாகவே இருக்கிறார்கள். ஆன்ட்டி என்றவள் இப்போது ஆச்சி என்கிறாள். பிற்பாடு ஒருநாள் அன்றைய பேச்சு வந்தபோது அவள் சொன்னதைத்தான் இங்கே எழுத வந்தேன். "தனியாக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன் ஆச்சி. ஆனா நானாச் சொல்லியிருப்பேன். அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, தலைதான் ஆடுச்சு."

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கும். 2020 நவம்பரில் சிட்னியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் கூட்டத்தில் நம் ஊர்ப் பையன் ஒருவன் ஆஸ்திரேலியப் பெண்ணிடம் மோதிரத்தை நீட்டினான். மைதானத்தில் நின்ற ஆஸ்திரேலிய வீரர் மேக்ஸ்வெல்லே கைதட்டினார். அடுத்த வருடம் அக்டோபரில் துபாயில் ஐபிஎல் ஆட்டம் முடிந்ததும், அப்போது நம் சென்னை அணியில் ஆடிய தீபக் சாஹர் பார்வையாளர் வரிசைக்கு ஏறிப் போய்த் தன் காதலி முன்னால் முட்டி போட்டார். இரண்டு பெண்களும் சந்தோஷமாகத்தான் சரி என்றார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் யோசித்தது வேறு. ஒருவேளை அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால்? ஒரு ஸ்டேடியமே பார்த்துக்கொண்டிருக்கும்போது "அடுத்த வாரம் சொல்றேன்" என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் கல்நெஞ்சுக்காரி. ஊர் உலகமே அந்தப் பையனுக்காக உச்சுக் கொட்டும்.

இங்கேதான் எனக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சம்பந்தம் பேசிய விதம் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாரில், முதலில் கேட்பது எந்தக் கோயில் என்பதை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரக் கோயில்கள் ஒன்பது. ஒரே கோயில் என்றால் பெரும்பாலும் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் வேறு வேறு கோயிலாக இருந்தும் அண்ணன் தம்பி முறை, அதனால் அங்கேயும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அதைத் தாண்டினால் ஜாதகம். ஜாதகமும் சரி என்றால் பெண் பார்ப்பது, அதுவும் பெரும்பாலும் கோயிலில். குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ இவர்களும் போவார்கள், அவர்களும் வருவார்கள், ஏதோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி நலம் விசாரித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் என்ன, சாமி கும்பிடப் போனோம், கும்பிட்டோம், வந்தோம். யாரும் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை, யாருக்கும் தலைகுனிவு இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்த ஜாதகச் சாக்கு. நடுவில் நின்று பேசுகிறவரிடம், "ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடுங்க" என்று ஒரு வரி. பையன் குள்ளமாக இருக்கிறான், பெண் அதிகம் படித்துவிட்டாள், மாமியார் வாய் நீளம், எது உண்மைக் காரணமோ தெரியாது. பழி முழுக்கச் செவ்வாய்க்கும் ராகுவுக்கும் போய்விடும். எதிர்த் தரப்புக்கும் அது சாக்கு என்று தெரியும். தெரிந்தும் "அப்படியா, சரி" என்று வாங்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் அதே இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிடும். எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வேண்டாம் என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொல்ல வழி செய்து வைத்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. கேட்கிறவரே வெளியே போகவும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டார். ட்ரோன் வைத்துக் கேட்கிறவர் இருக்கிற கதவையும் சாத்திவிடுகிறார்.

உடனே என்னைப் பழைய பஞ்சாங்கம் ஆக்கிவிடாதீர்கள். அந்தக் கதவு வீட்டாருக்கு இருந்தது, பெண்ணுக்கு இருந்ததா என்றால் இல்லை. எங்கள் அப்பத்தாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண் பதினான்கும் ஆண் பதினெட்டும் ஆகியிருக்க வேண்டும் என்ற சாரதா சட்டம் வந்ததே 1929-இல்தான். அதற்கு அப்புறமும் இங்கே எத்தனை பேர் அதை மதித்தார்கள் என்று வீட்டுக்கு வீடு கதை இருக்கும். தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போய்விடுவார். கணக்கு ஒப்படைத்து ஊர் திரும்ப மூன்று வருடம். அதுவரை அந்தப் பெண் ஒரு பெரிய வீட்டில் மாமியாரோடு இருக்க வேண்டும். இசைகுடிமானம் என்று கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் இசைந்ததை எழுதி வைப்பதும் உண்டு. அது பெரியவர்கள் எழுதிக்கொள்வது. வேறு சாதியில் மனசு போனவர்கள் கதையோ இன்னும் மோசம். வெளியில் கட்டினால் கோயிலில் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பமாகச் சேர்க்கிற வழக்கம் இல்லை.

அதனால், "இத்தனை காலம் பெண்ணிடம் கேட்கவே இல்லை, இப்போது ஒருத்தன் மண்டி போட்டுக் கேட்கிறான், அதையும் குறை சொல்கிறீர்களே" என்று என் மகள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். கேட்டாள். எதிரில் அவளை வைத்துக்கொண்டு கேட்கிறான், அது பெரிய விஷயம். ஆனால் சரி என்ற ஒரே பதிலுக்கு மட்டும் இடம் வைத்துக் கேட்டால் கேட்டதாக எப்படி ஆகும்? அன்றைக்குப் பெரியவர்கள் கூடி நின்று தலையை ஆட்ட வைத்தார்கள், இன்றைக்கு நண்பர்கள் கூடி நிற்கிறார்கள். பலவந்தத்தாலோ மோசடியாலோ வாங்கிய சம்மதம் என்றால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தில் இருக்கிறது. கைதட்டலை எந்தக் கோர்ட்டும் பலவந்தம் என்று சொல்லாது. நானும் சொல்லவில்லை. பலவந்தத்துக்கும் முழு மனசுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

மோதிரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைரம் இருந்தால்தான் காதல் என்பது ஏதோ ஆதிகால வழக்கம் மாதிரி பேசுகிறார்கள். வைரம் என்றென்றைக்கும் என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகம் டி பீர்ஸ் கம்பெனிக்காக 1947-இல் ஒரு விளம்பர நிறுவனத்துப் பெண் எழுதியது. வைரத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் புதிதா என்ன? தோடும் மூக்குத்தியும் பெற்றவர்கள் பெண்ணுக்குப் போட்டு அனுப்புவது, அது அவள் சொத்து. கேள்வி கேட்பதற்குக் கூலியாக யாரும் கொடுத்ததில்லை. கடன் அட்டையில் மோதிரம் வாங்கிவிட்டு மாசாமாசம் தவணை கட்டுகிற பையன்களை எனக்குத் தெரியும், பாவமாக இருக்கிறது.

ஆச்சரியமே கூடாது என்று சொல்ல வரவில்லை. என்றைக்கு, எங்கே, என்ன பூ, யார் பாட்டு, இதெல்லாம் ஆச்சரியமாக இருக்கட்டும். கல்யாணம் என்கிற சங்கதி ஆச்சரியமாக இருக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எந்த ஊரில் குடித்தனம், அவள் வேலையை விடணுமா, யார் சம்பளத்தில் யார் வீட்டுக் கடன், அம்மாவை யார் வைத்துக்கொள்வது, பிள்ளை வேண்டுமா. கேட்கவே காதல் கருகிப்போகிற கேள்விகள்தான், தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டால் இன்னும் கருகும். எங்களில் கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் பிள்ளைகளை வேறு வைப்பார்கள். ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. வரவு செலவுப் பேச்சைக் கல்யாணத்தோடு சேர்த்தே வைத்திருந்தவர்கள் ரசனை கெட்டவர்கள் இல்லை.

போன மாதம் என் நாத்தனார் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "அத்தை, ஒரு சனிக்கிழமை சாயந்திரம் உங்க வளவைக் கொடுப்பீங்களா? ஒருத்திய கூட்டிட்டு வரேன். அவளுக்குத் தெரியாது." கொடுக்கிறேன் என்றேன். வாடகை வேண்டாம், பூவும் விளக்கும் நானே வைக்கிறேன், வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் பண்ணித் தருகிறேன் என்றேன். போட்டோக்காரர் வேண்டாம், நண்பர்கள் வேண்டாம், நாங்களும் அடுத்த தெருவில் போய் உட்கார்ந்துகொள்கிறோம், பேசி முடித்துவிட்டு நீயே கூப்பிடு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ட்ரோன் மட்டுமாவது அத்தை?" என்றான். மொட்டை மாடியில் வடகம் காய்கிறது, ஒன்றும் மேலே பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். யோசிக்கட்டும், நான் ஒன்றும் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்கவில்லையே.