பார்க்கை எல்லாம் யாரு காலி பண்றா?

சென்னை கிண்டி ரேஸ்கோர்ஸ் இடத்துல 118 ஏக்கர்ல பார்க் வரும்னு அரசு சொன்னதுல இருந்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே குஷி. எனக்கும் சந்தோஷந்தான். 2024ல அரசு அந்த இடம் மொத்தம் 160 ஏக்கரையும் ரேஸ் கிளப்கிட்ட இருந்து திரும்ப எடுத்தப்போ, போச்சு, இன்னொரு பெரிய பில்டிங் வரப்போகுதுன்னு தான் நினைச்சேன். ஆனா மெட்ராஸ் பார்க்குகளோட கதை தெரிஞ்சவங்க உடனே கைதட்ட மாட்டாங்க.

சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்னு ஒண்ணு இருந்துச்சு, 1859ல கவர்னரா வந்த ட்ரெவெல்யன் ஆரம்பிச்சது, 116 ஏக்கர், குளம், பேண்டு மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் உள்ளேயே. அப்புறம் அந்த இடத்துல விக்டோரியா ஹால் வந்துச்சு, மூர் மார்க்கெட் வந்துச்சு, ரிப்பன் பில்டிங் வந்துச்சு, ஸ்டேடியம் வந்துச்சு, 1985ல மிருகங்க எல்லாம் வண்டலூருக்குப் போயாச்சு, அதே வருஷம் மூர் மார்க்கெட்டும் எரிஞ்சு அந்த இடம் ரயில்வேகிட்ட போச்சு. இப்ப மிச்சம் மை லேடீஸ் பார்க்னு ஒரு துண்டு. இதுல ஒண்ணாவது ரவுடி வளைச்சுப் போட்டதா சொல்லுங்க? எல்லாம் ஃபைல்ல கையெழுத்துப் போட்டு முறையா கொடுத்தது, அதுவும் நல்ல காரியத்துக்கு. அதனால பார்க் போகுதேன்னு யாரும் பெருசா சண்டை போடல.

கிண்டி காடும் அப்படித்தான். 500 ஹெக்டேர் இருந்தது, ஐஐடிக்கு ஒரு பங்கு, தலைவர்கள் நினைவு மண்டபத்துக்கு ஒரு பங்குன்னு போய் இப்ப நேஷனல் பார்க்கா இருக்கிறது 270 ஹெக்டேர். 1978ல அந்த அந்தஸ்து கிடைக்கலன்னா இதுவும் இருந்திருக்குமான்னு சந்தேகம் தான். ஷெனாய் நகர் திரு.வி.க. பார்க்கை மெட்ரோவுக்காக 2011ல மூடி, திறக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஏரியா பசங்க பாதிப்பேர் காலேஜே போயிருப்பாங்க. பார்க்குக்கு அடியில மெட்ரோ ஸ்டேஷன் கூரை இருந்தா மேல பெரிய மரம் எங்க வேர் விடும்?

இன்னொரு வயித்தெரிச்சல் டிக்கெட். 2024ல கதீட்ரல் ரோட்ல திறந்த கலைஞர் பார்க்ல பெரியவங்களுக்கு 100, குழந்தைக்கு 50. ரெண்டு பசங்க இருக்கிற வீட்டுக்கு கேட்லயே 300 ரூபா, ஜிப்லைன் தனி. அப்புறம் அது எப்படிங்க பார்க்? எங்க ஏரியா பார்க் ஃப்ரீ தான், ஆனா மதியம் பூட்டு, டெலிவரி பையன் வெயில்ல நிழல் தேடி அலையுற அதே நேரத்துல. (சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் எங்கன்னு கேக்காதீங்க.)

ரேஸ்கோர்ஸ்ல குளம் வெட்டுறது நல்ல வேலை, மழைன்னா வெள்ளத்துல மாட்டிக்கிற வேளச்சேரி ஆளுங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா நீரூற்று, செல்ஃபி பாயின்ட், கண்ணாடி ஹவுஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல இந்த 118 ஏக்கரை எந்த நல்ல காரியத்துக்கும் எடுக்கக் கூடாதுன்னு சட்டசபையில ஒரு சட்டம் போடுங்க, உள்ள நடக்குறதுக்கு காசு வாங்காதீங்க. உங்க எம்எல்ஏவைப் பாத்தா இதைக் கேளுங்க, நானும் எழுதிப் போடப் போறேன்.