சுறாக் குருத்தெலும்புப் பொடி புற்றுநோயைத் தீர்க்குமா?

"சுறாவுக்குப் புற்றுநோயே வராது, அதன் குருத்தெலும்புப் பொடியைச் சாப்பிட்டால் நமக்கும் குணமாகும்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டுமே தவறு.

சுறாவுக்கும் கட்டி வரும். குருத்தெலும்பிலேயே வந்த கட்டிகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, சுறாக் குருத்தெலும்புச் சாற்றைச் சோதித்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. ஆயுள் கூடவில்லை.

சரி, அந்தக் குருத்தெலும்பில் உருப்படியாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது: காண்ட்ராய்டின் சல்பேட். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். பப்பாளிப் பாலில் கிடைக்கும் பப்பைன் போன்ற நொதியால் புரதத்தைச் சிதைத்து, எத்தனால் ஊற்றிப் படியவைத்துப் பிரிக்கிறார்கள். அப்புறம் வேறொரு நொதியால் சங்கிலியை இரண்டிரண்டு சர்க்கரையாக நறுக்கி, சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி) சர்க்கரையின் எந்தக் கார்பன் அணுவில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மாட்டின் மூச்சுக்குழாயில் எடுத்ததில் 4-ஆம் கார்பனில் அதிகம். சுறாவில் 6-ஆம் கார்பனில். சரக்கு எந்த விலங்கிலிருந்து வந்தது என்று ஊகிக்க இது உதவுகிறது.

மூட்டுவலி மாத்திரைகளில் வருவதும் இதே பொருள்தான். அங்கேயும் பலன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.