கூடைக்குத் தனியா பத்து ரூபாயா?

இன்றைக்குக் காலையில் நடந்ததை எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் உப்பனாற்றைத் தாண்டினால் எங்கள் குப்பம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள். இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் தூரம். அதைப் படகில் கடக்க ஆளுக்குப் பத்து ரூபாய், சைக்கிளுக்குப் பத்து, கூடைக்குப் பத்து. பாலத்தைச் சுற்றிக்கொண்டும் போகலாம், வண்டி இருந்தால்.

எனக்கு முன்னால் ஏறியது மீன் விற்கும் ஆயா ஒருத்தி. தலையில் அன்னக்கூடை. ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கழுத்து வழியாக இறங்குகிறது. இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டினாள்.

"கூடைக்கு?" என்றான் வசூல் பையன்.

"கூடை இன்னா தனியா சீட்டு போட்டு ஒக்காரப் போவுதா? என் தலையிலதானடா வருது?"

படகே சிரித்தது. பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நீட்டிய கையை எடுக்காமல் நின்றான். கடைசியில் கொடுத்துத் தொலைத்தாள். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, சாயங்காலம் குத்தகைக்காரருக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

இதே ஆயா கரையேறி டவுன் பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் போனால் சல்லிக்காசு வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். (கண்டக்டர் மூக்கைப் பொத்தாமல் மீன் கூடையை ஏற்றினால். அது தனிக்கதை.) அவ்வளவு தூரம் டீசல் எரிக்கிற பஸ் இலவசம், கூப்பிடு தூரத்து ஆற்றுக்குக் காசு. என்னய்யா கணக்கு இது? நானும் காலேஜ் போகிற மகளும் போய்வர மாசம் ஆயிரம் ரூபாய் ஆற்றோடு போகிறது.

"படகு ஓட்டச் செலவாகாதா?" என்று டீக்கடையில் ஒரு புத்திசாலி கேட்டார். பாலம் மட்டும் சும்மாவா நிற்கிறது? கெடிலத்துப் பாலத்தில் தினம் போய்வருகிறாரே, அதைக் கட்டியது வரிப்பணம், பெயின்ட் அடிப்பது வரிப்பணம். ஒருநாளாவது யாராவது வழிமறித்துப் பத்து ரூபாய் கேட்டார்களா? உடனே டோல்கேட்டை இழுத்தார். அங்கேகூட பைக்குக்குக் காசு இல்லை. நடந்து போகிறவனை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ஆறு தாண்டும் படகை இலவசமாக விடுங்கள் என்பதை நான் புதிதாகக் கண்டுபிடித்துப் பேசவில்லை. லண்டனில் மேற்குப் பக்கத்துத் தேம்ஸ் பாலங்களில் வாங்கிவந்த சுங்கத்தைப் பொதுப் பணம் போட்டு ஒழித்தார்கள். கிழக்குப் பக்கத்துச் சனம் சும்மா இருக்குமா? நாங்களும்தானே வரி கட்டுகிறோம், எங்களுக்குப் பாலமே இல்லையே என்று சண்டை பிடித்தது. 1889-ல் வூல்விச்சில் இலவசப் படகு விட்டார்கள். இன்றைக்கும் இலவசம்தான், லாரிகூட ஏறும். அதே வெள்ளைக்காரன் அடுத்த வருஷமே, 1890-ல், மெட்ராஸ் மாகாணத்துக்குப் போட்டது கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம். அவன் ஊரில் சும்மா ஏறு, நம்ம ஊரில் சுங்கம் கட்டு! அவன் மூட்டை கட்டிப் போய் எத்தனை வருஷம் ஆச்சு, துறையில் நீட்டின கை மட்டும் இன்னும் மடங்கவில்லை. நியூயார்க்கில்கூட ஸ்டேட்டன் ஐலண்ட் படகுக்கு வாங்கிய 50 சென்ட்டை 1997-ல் எடுத்துவிட்டார்கள். பணக்கார ஊர், அங்கேயே வேண்டாம் என்கிறார்கள்.

புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்றில் படகேறிப் பாரடைஸ் பீச் போகிறவரிடம் வாங்கட்டும். பிச்சாவரத்தில் சுரபுன்னைக்குள் சுற்றுகிறவரிடம் வாங்கட்டும். நானே குடும்பத்தோடு போய்க் கொடுத்திருக்கிறேன். அது உல்லாசம். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆறு தாண்டுவது உல்லாசமா?

சரி, காசு வாங்குகிறார்களே, அதற்கு லைஃப் ஜாக்கெட்டாவது உண்டா என்றால், படகில் இரண்டு கிடக்கிறது. ஒன்றின் வார் அறுந்துவிட்டது. இன்னொன்றைச் சுருட்டிப்போட்டு வசூல் பையன் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். படகு ஓட்ட ஒரு ஆள், காசு வாங்க ஒரு ஆள். வசூலை நிறுத்தினால் அந்தப் பையனைக் கிழவிகளுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட வைக்கலாம், தலை எண்ணி அளவோடு ஏற்ற வைக்கலாம்.

அப்புறம் இந்தச் சில்லறை. நான் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். பையன் சட்டைப்பை, டிரவுசர் பை, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் துழாவி முடிப்பதற்குள் எட்டேகால் பஸ் அக்கரையில் கிளம்பிப் போனதைப் படகிலிருந்தே பார்த்தேன். பத்து ரூபாய்க் காயின் கொடுத்தால் "செல்லாதுண்ணே" என்கிறான். செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது, எங்கள் துறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நாளைக் காலைப் படகுக்கு இப்போதே பத்து ரூபாய்த் தாள் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருப்பதெல்லாம் காயின்.