‘பா’ ஒரு வரியில், ‘ர்த்தான்’ அடுத்த வரியில்

போன வாரம் போனில் ஒரு செய்தி படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி ‘பா’ என்று முடிந்தது, அடுத்த வரி ‘ர்த்தான்’ என்று தொடங்கியது. சொல் முதலில் மெய்யெழுத்து வராது என்று பள்ளியில் படித்தவர்கள்தான் இந்தத் தளத்தையும் செய்திருப்பார்கள்!

எப்படி நடக்கிறது என்று தெரியும். நம் சொற்கள் நீளமானவை. ‘ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன’ சின்னத் திரையில் பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பதறி யாரோ, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போட்டுவிடுகிறார்கள். அது நீளச் சொல், குட்டிச் சொல் என்றெல்லாம் பார்க்காது. வரி ஓரத்தில் எது அகப்பட்டாலும் வெட்டும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ போட்டிருந்தால் போதும்; தனி வரியில் வைத்தும் அடங்காத சொல்லில் மட்டும்தான் அது கை வைக்கும். அந்தச் சொல்லும் நல்ல இடத்தில் உடைய வேண்டுமென்றால் ‘ஒப்படைக்கப்’புக்கு அடுத்து ஒரு டபிள்யூபிஆர் டேக், அதாவது ‘தேவைப்பட்டால் இங்கே உடைக்கலாம்’ என்று சொல்லும் குறி. ஹைஃபன் தலைகாட்டாது. இதற்காக ஜீரோ-விட்த் ஸ்பேஸை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இடைவெளியை, சொல்லுக்குள் ஒளித்துவைப்பவர்களும் உண்டு. நகலெடுத்தால் அதுவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தேடலில் அந்தச் சொல் சிக்காது.

நானும் யோக்கியன் இல்லை. தலைப்பை, வரியைக் கட்டாயமாக முறிக்கும் பிஆர் டேக் போட்டு, அழகாக இரண்டு வரியாக உடைத்து, கணினியில் பார்த்துப் பூரித்த காலம் உண்டு. போனில் திறந்தால் நான்கு வரி, அதில் இரண்டு வரிகளில் ஒற்றைச் சொல். இப்போது வரிகளை ஏறக்குறைய ஒரே நீளமாகப் பிரிக்கும் ‘டெக்ஸ்ட்-ராப்: பேலன்ஸ்’ இருக்கிறது. குரோமில் 2023-லேயே வந்துவிட்டது. அதனிடம் விட்டுவிடுகிறேன்.

உடைக்கக் கூடாத இடம்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. ‘ரூ.’ ஒரு வரியின் கடைசியில், ‘500’ அடுத்த வரியில். நம் வழக்கத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வருவதால் ‘மு.’ மேலே தொங்க, பெயர் கீழே இறங்கிவிடும். நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையாத இடைவெளி ஒன்று, அதாவது என்பிஎஸ்பி, வைத்தால் சரி.

குறளுக்கு வருவோம். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. போனில் நான்காவது சீர் கீழே விழுந்து குறள் மூன்றடியாகிவிடுகிறது. அதற்காக எழுத்தைப் பொடியாக்குகிறார்கள், இல்லையென்றால் குறளையே படமாக்கி ஒட்டுகிறார்கள். அதில் எதையும் தேட முடியாது, படத்துக்கு மாற்று உரை எழுதிவைக்காவிட்டால் பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பானும் படித்துக் காட்டாது. எனக்குத் தெரிந்த வழி எளிது: ஒவ்வொரு அடியையும் தனிப் பத்தியாக்கி, இடப்பக்கம் இரண்டு ‘எம்’ (எழுத்தின் அளவே ஒரு ‘எம்’) பேடிங், அதாவது உள் இடைவெளி; முதல் வரியை மட்டும் நகர்த்தும் டெக்ஸ்ட்-இன்டென்ட் மைனஸ் இரண்டு ‘எம்’. விழுந்த சீர் சற்று உள்ளே தள்ளி நிற்கும். அது தனி அடி இல்லை என்று பார்த்தவுடன் புரிந்துவிடும்.