அட்டையில் அடிக்குறிப்பு இருந்தால் ஆதாரம் ஆகிவிடாது

"தர்மபுரி நாலு ரோட்டு கிளினிக்குகளில் மருந்து கம்பெனி ரெப் (விற்பனைப் பிரதிநிதி) டாக்டரிடம் கொடுக்கும் விளம்பர அட்டையில் ஆய்விதழ் பெயர் போட்டிருக்கிறது, அதனால் சரிபார்த்த தகவல்தான்" என்று நண்பர் ஒருவர் சொல்வது தவறு. மேற்கோள் இருப்பது வேறு, அது வாசகத்தைத் தாங்குவது வேறு. ஸ்பெயினில் பிபி, கொழுப்பு மருந்து விளம்பரங்களை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள் (லான்செட் மருத்துவ ஆய்விதழ், 2003). தேடி எடுக்க முடிந்த 102 மேற்கோள்களில் 45 விளம்பர வாசகத்தைத் தாங்கவில்லை. பெரும்பாலும் ஒரே கோளாறு: ஆய்வு ஒரு வகை நோயாளிகளிடம், பரிந்துரை வேறு வகையினருக்கு.

அடுத்து சதவீதம். கொழுப்பு மருந்தான அடோர்வாஸ்டாடின் மாரடைப்பை 36% குறைக்கும் என்பது பொய்யில்லை. அந்த எண் வந்த ஆஸ்காட் என்ற ஆய்வில் சுமார் 3.3 ஆண்டுகளில் மாரடைப்பு வந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 3.0% பேருக்கு, மருந்து எடுத்தவர்களில் 1.9% பேருக்கு. நூறு பேர் சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார், அவ்வளவுதான். அதுவும் 40–79 வயதில், பிபியோடு வேறு மூன்று ஆபத்துக் காரணிகளாவது இருந்தவர்களிடம். பென்னாகரத்திலிருந்து வரும், பிபி இல்லாத 30 வயதுக்காரருக்கு அதே எண்ணை நீட்ட முடியாது. (நல்ல மருந்துதான், சண்டை அதோடு இல்லை.)

அட்டையிலுள்ள வரைபடத்தில் நெடுக்கு அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள்; இல்லாவிட்டால் சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். மேற்கோள் இடத்தில் 'கம்பெனி கோப்பில் உள்ள தரவு' என்றிருந்தால் அதை யாரும் சரிபார்க்க வழியில்லை. 'பாதுகாப்பானது' என்று மொட்டையாகப் போடக் கூடாது என்று மருந்து விளம்பரத்துக்கான மத்திய அரசின் 2024 நடத்தை விதியே சொல்கிறது.