எட்டாவது வரை சரி, அப்புறம்?

திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் நின்றுவிடுவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மைதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் காம்பவுண்டில் ஓர் ஒடிசாக் குடும்பம். அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனியில். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். மகள் மளிகைக் கடையில் 'ஏனுங்ண்ணா, தக்காளி எவ்வளவுங்க?' என்று நம் பிள்ளை மாதிரியே பேசுவாள். ஆனால் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். கணக்கில் கெட்டி, அதே கணக்கு நாலு வரிக் கேள்வியாக வந்தால் திணறல்.

2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. நான் பார்த்தவரை சேர்ப்பது மட்டும் நடக்கிறது. அந்தச் சட்டமும் எட்டாம் வகுப்போடு சரி. அப்புறம் 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவதில் தமிழ்த் தாள். (அதைக் குறை சொல்லவில்லை, தாராளமாகப் படிக்கட்டும்.) சொல்லித்தர ஆள் வேண்டாமா? மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் வாசிக்கக் கற்றுத்தர ஒருவரைப் போடுங்கள், பிறகு பெற்றோரைத் திட்டலாம்.