ஐந்து பந்து போட்டால் மட்டும் ஆச்சா?

2006இல் கிறிஸ் பிளிஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டுக்கு மூன்று பந்துகளை வைத்து ஜக்ளிங் (பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை) செய்த வீடியோ இணையமெங்கும் சுற்றியது. தொழில்முறை ஜக்ளிங்காரர்கள் சிலருக்கு வயிற்றெரிச்சல். அவர்களில் ஒருவரான ஜேசன் கார்ஃபீல்ட் அதே பாட்டுக்கு ஐந்து பந்துகளைப் போட்டுப் பதிலடி வீடியோ வெளியிட்டார். இரண்டில் எது கடினம் என்றால் கார்ஃபீல்ட் செய்ததுதான், பேச்சே இல்லை. ஆனால் கடினமானதுதான் மேடைக்கு நல்லது என்று சொல்ல வந்தால் அங்கேதான் உதைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கை பந்தை எறிந்து, அடுத்ததைப் பிடித்து, மறுபடி எறிய 0.45 விநாடி என்று வைப்போம். அதில் 0.3 விநாடி பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. இந்த வேகத்தில் மூன்று பந்து போட, ஒவ்வொன்றும் கைக்கு மேலே 17 செ.மீ. எழும்பினால் போதும். ஐந்துக்கு 83 செ.மீ. வேண்டும். ஏழுக்கு 2 மீட்டர்! பந்து காற்றில் நிற்கும் நேரம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும், அதுதான் காரணம். எறியும் கோணம் ஒரே ஒரு டிகிரி பிசகினால் மூன்று பந்தில் 1 செ.மீ. சொச்சம்தான் தள்ளி விழும். கை தானாகச் சரிசெய்துகொள்ளும். ஐந்தில் 6 செ.மீ., ஏழில் 14 செ.மீ. கை அங்கே ஓடிப் பிடித்தால் அடுத்த எறி கெடும். அது கெட்டால் மொத்தமும் தரையில்.

இத்தனை பாடும் பத்தாவது வரிசைக்குத் தெரியாது. ஐந்தா ஏழா என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, மேலே ஏதோ மொய்க்கிறது, அவ்வளவுதான். அலெக்ஸ் பாரன் என்ற ஜக்ளிங்காரர் 2017இல் 14 பந்துகளை எறிந்து ஒரு சுற்று, அதாவது ஒவ்வொன்றையும் ஒரு தடவை, பிடித்தார். அசுர சாதனைதான், ஆனால் கண் சிமிட்டி முடிப்பதற்குள் முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மூன்று பந்து போடுகிறவரின் முகம் ஜனங்களைப் பார்க்கும். ஏழு பந்துக்காரர் மோவாயைத் தூக்கி உச்சியையே பார்த்தாக வேண்டும்; மேடை விளக்கு நேரே கண்ணில் அடிக்கும். பார்வையாளருக்குக் கிடைப்பது அவருடைய தொண்டைக்குழிதான்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ மூன்றே போதும், மீதியைப் பேச்சில் சமாளிக்கலாம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அரைகுறை மூன்று பந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். கையை நீட்டி, பந்தைத் தாமதமாக விடுவார்கள். பந்து முன்னே போகும், ஆளும் அதன் பின்னே ஒவ்வொரு அடியாக நடந்து மேடை விளிம்புக்கே வந்துவிடுவார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சுவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் நின்று பழகினால் இந்த நடை நிற்கும்.

கீழே விழுவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். தினை அடைத்த பை விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஆனால் விளக்கில் எடுப்பாகத் தெரியாது. பளபளக்கும் பிளாஸ்டிக் பந்து அழகாகத் தெரியும், விழுந்தால் முதல் வரிசைக்கு உருண்டு ஓடும். உபரியாக ஒரு பந்து சட்டைப்பையில் இருந்தால் ஓட்டமும் மன்னிப்பும் மிச்சம்.

வேண்டுமென்றே இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை பிடிப்பது பழைய வித்தை. மூன்றாம் முறை நிச்சயமாகப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வித்தை, மற்றவருக்கு அது வெறும் தவறு. என் அளவுகோல் இது: ஒத்திகையில் பத்துக்குப் பத்து தடவையும் நூறு பிடி தாண்டாத எதையும் மேடை ஏற்றாதீர்கள். வெளிச்சம், வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும்.

கைத்திறன் மட்டும் போதுமா என்ற இந்தச் சண்டைக்கு இருநூறு வயது. அந்தக் காலத்து லண்டனில் ராமோ சாமி என்றொரு இந்திய வித்தைக்காரர் பேர் போட்டிருந்தார் (ராமசாமி வெள்ளைக்கார வாயில் அப்படி ஆகியிருக்கும்). 1821இல் வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்திய ஜக்ளிங்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பித்தளைப் பந்து வித்தையை வாய்பிளந்து பாராட்டிவிட்டு, இது கைப்பழக்கம்தானே, மேதைமை ஆகுமா என்று கேட்டார். ஆனால் அவரே குறித்திருக்கும் ஒன்றைக் கவனியுங்கள். வித்தைக்காரர் எடுத்த எடுப்பில் நான்கு பந்துகளைப் போடவில்லை. நாம் யாரும் செய்யக்கூடிய இரண்டில்தான் தொடங்கினார்.